காலண்டரில் இருந்த முதுகு

அந்தத் தலைமுடி எண்ணெயின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் வயதான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். சப்பையான பாட்டில், தக்கைக்கு மேல் உருக்கி ஊற்றிய அரக்கு, உள்ளே சிவப்பு எண்ணெய் என்று அங்க அடையாளங்களோடு சொல்வாள். அந்தக் குடும்பத்துக்கு நான் ஏற்கெனவே செய்துகொடுத்த விளம்பரம் போதும். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர்கள் எங்கள் எதிர்வீடு. என் அப்பா தறி நெய்கிறவர். எதிர்வீட்டுக்காரர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். இரண்டு வீட்டிலும் உள்ளே தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ். அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவேன். அதைத் தவிர எந்தச் சொந்தமும் கிடையாது.

பெரியம்மா தன் மகளுக்காக வீட்டில் ஓர் எண்ணெய் காய்ச்சுவார். தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணியும் மருதாணி இலையும் வேறு என்னென்னவோ போட்டு, சாயம் காய்ச்சுகிற அதே கொல்லைப்புறத்து அடுப்பில், வேறு அண்டாவில் காய்ச்சுவார். மகள் முடியைப் பார்த்த பெண்கள் எல்லாம் எனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் என்று கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள். பெரியப்பாவுக்கு மூளை வேலை செய்தது. பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று முடிவு செய்தார்.

ஆனால் சாயக்காரர் கண்ணுக்கு எண்ணெய் மொட்டையாகத் தெரிந்தது. "நெறமில்லாத சரக்க எவன் தொடுவான்?" என்று சொல்லி, நூலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் ஒரு கை அள்ளி எண்ணெயில் போட்டுவிட்டார். தெருவில் வீட்டுக்கு ஒரு பாட்டில் இனாமாகக் கொடுத்தார். சாயம் எண்ணெயில் கரையவில்லை. தலைக்குப் போய்ச் சித்திரை வெயிலில் வியர்வை பட்டதும் நன்றாகக் கரைந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற அத்தனை பெண்கள் கழுத்திலும் சிவப்பு வழிந்தது. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர், ஏதோ வெட்டுக்குத்து என்று நினைத்துக் குழாயடிக்கு ஓடி வந்தார். எங்கள் தலையணை உறைகள் கடைசிவரை வெளுக்கவே இல்லை.

அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. நாட்டுமருந்துக் கடைக்காரர் ஒருவர் வேம்பாளம்பட்டையைக் கொடுத்து, இதை எண்ணெயில் ஊறப்போட்டால் தானாகச் சிவக்கும் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே சிவந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஏறுமுகம்தான். சாயத்தொட்டிகள் எடுக்கப்பட்டன. கொல்லையில் கொட்டகை வந்தது. காரியாபட்டிக் கடைகளுக்குப் பஸ்ஸில் பெட்டி போனது. பாலவனத்தத்துக்குச் சைக்கிளில் போனது. தெருவில் அந்த வீட்டுக்கு எண்ணெய் வீடு என்றே பெயர் விழுந்தது.

எண்ணெய் வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் முடி முழங்காலைத் தொடும். என் முடியை என் அம்மாவே எலிவால் என்பாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. பென்சில் கேட்டால் சீவாத புதுப் பென்சிலாகத் தருவாள். தந்துவிட்டு மறந்தும் போவாள். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

எங்கள் ஊரில் யார் வசதி, யார் வசதியில்லை என்பதைத் தண்ணீரை வைத்துச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் வீட்டுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் வரும். அவள் ஒருத்தி தலைக்குக் குளிக்க எட்டுக் குடம். சீயக்காய் போக இரண்டு, மணம் போக இரண்டு என்று பெரியம்மா நிதானமாக ஊற்றுவார். எங்கள் வீட்டில் நானும் இரண்டு தங்கைகளும் சேர்ந்து மூன்று குடம். கடைசித் தங்கை தலைக்கு வரும்போது குடத்தில் வண்டல்தான் இருக்கும். எண்ணெய் வீட்டுப் பெண் குளித்த நுரைத் தண்ணீர் எங்கள் வாசல் வழியாகத்தான் ஓடும். அது ஓடி முடிகிறவரை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். எட்டுக் குடம் கிடைத்தால் எனக்கும் வளராதா என்று அம்மாவிடம் கேட்டேன். "வெறும் தண்ணி ஊத்துனா நாத்துதான் வளரும். போயி வேலையப் பாரு" என்றாள் அம்மா.

சனிக்கிழமைகளில் தெருப் பெண்கள் எண்ணெய் வீட்டில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவோம். பாவுக்குப் போடுகிற கஞ்சிதான் பசை. அப்போது லேபிளில் ஒரு தாமரைப் பூ மட்டும் இருந்தது. ஒரு சனிக்கிழமை பெரியப்பா கொட்டகைக்கு வந்து எல்லோரும் கேட்க அறிவித்தார். அடுத்த வருடத்துக்கு எண்ணெய்க் காலண்டர் அடிக்கப்போகிறார். படத்தில் தாமரை இல்லை, அவர் மகள். கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டாராம்.

"எம் மக முடியக் காட்டாம வேற எதக் காட்டுறது? ஆனா முதுகு மட்டும்தான். குடும்பத்துப் பிள்ள மூஞ்சி கடை கடையாத் தொங்கலாமா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். என் கையில் இருந்த லேபிள் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. முதுகானாலும் பரவாயில்லை, அந்தக் காலண்டரில் நான் இருக்க வேண்டும். சிவகாசி அச்சில் என்னைப் பார்த்து ஊர் வாயைப் பிளக்க வேண்டும். பதினாலு வயதில் எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக நினைவில்லை. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி போடும்போது அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் அழுதேன்.

ஆவணியில் அவளுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் என்று கேட்டதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. முடி கொட்டுகிறது என்று கேட்டதும் அந்த வருத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம். பிள்ளை பிழைத்தால் போதும் என்று பெரியம்மா சாமிக்கு வேண்டிக்கொண்டு, காய்ச்சல் விட்டதும் மொட்டை போட்டுவிட்டார். நான் பார்க்கப் போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்துக் காட்டி, "தொட்டுப் பாரு, சொரசொரன்னு இருக்கும்" என்றாள். தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் எலிவாலைப் பார்த்துக்கொண்டேன். முதல் முறையாக அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா எங்கள் கொல்லை வழியாக வந்தார். எப்போதும் வாசல் வழியாக வருகிறவர். அம்மாவைக் கூப்பிட்டு அடுப்பங்கரையில் உட்காரவைத்து ரகசியம் பேசினார். சிவகாசிக்காரர்கள் படம் கேட்டு நெருக்குகிறார்கள். மதுரையிலிருந்து படம் பிடிக்கிறவர் நாளை வருகிறார். எண்ணெய் விற்கிற வீட்டுப் பெண்ணுக்கு மொட்டை என்று கடைக்காரர்களுக்குத் தெரிந்தால் யாவாரம் என்ன ஆவது? கொட்டிய முடியும் இறக்கிய முடியுமாக எதையும் விடாமல் பொறுக்கிச் சேர்த்து, கொஞ்சத்தைச் சாமிக்குச் செலுத்திவிட்டு, மீதியைச் சவுரியாகக் கட்டிவைத்திருக்கிறார். சவுரி வைத்துப் பின்னத் தலையில் கொஞ்சமாவது சொந்த முடி வேண்டுமே. மகள் தலையில் அது இல்லை.

"ஒம் மக முதுகும் எம் மக முதுகும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒரு மணி நேர வேல. ஒத்தாசை பண்ணாத்தா" என்றார்.

அம்மா பதில் சொல்வதற்குள் நான் சரி என்றேன்.

சூடம் ஏற்றினார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்தேன். எண்ணெய் வீட்டுக்காரர்கள் மூன்று பேர், அம்மா, நான் ஆக ஐந்து பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. நூல் வாங்கப் போகிற இடத்தில் உளறிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம்.

மறுநாள் எண்ணெய் வீட்டு மாடியில் பெரியம்மா என் எலிவாலோடு அந்தச் சவுரியைச் சேர்த்துக் கட்டினார். பாதி வரை பின்னி, கீழே விரித்துவிட்டார். தலை பின்னால் இழுத்தது. நடந்தால் கெண்டைக்காலுக்குச் சற்று மேலே ஏதோ உரசியது. திரும்பினால் ஒரு நொடி கழித்து அதுவும் திரும்பியது. இதையா இவள் தினமும் அனுபவித்தாள்! அந்த மாடியில் நான் தேவையே இல்லாமல் நாலு தடவை நடந்தேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து அவள் துண்டுத் தலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் முடியப் பத்திரமாப் பாத்துக்க பிள்ள" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. தலையில் இருந்தபோதும் அது அவள் முடிதான்.

அவளுடைய பட்டுத் தாவணியைத்தான் எனக்கு முதலில் கட்டிவிட்டார்கள். பளபளப்பு வேண்டும் என்று பெரியம்மா சவுரியில் எண்ணெயைத் தாராளமாகத் தடவ, சிவப்பு எண்ணெய் சொட்டிப் பட்டு பாழானது. படம் பிடிக்கிறவர் வெளிச்சம் போகிறது என்று கத்தினார். உடனே நான் வீட்டிலிருந்து கட்டி வந்த என் தாவணியையே மறுபடி சுற்றி, முதுகில் விரித்துவிட்டார்கள். அது அப்பா மிச்ச நூலில் எனக்கு நெய்து தந்தது. நெசவுக்காரர் பிள்ளைகள் மிச்ச நூலைத்தான் கட்டுவோம். கரைக்கு நூல் போதாமல் ஒரு பக்கம் நாலு விரல் அகலக் கரையும் மறுபக்கம் ஒரு விரல் கரையுமாக இருக்கும். கடையில் அப்படி ஒரு துணி எங்கும் கிடைக்காது.

படம் பிடிக்கிறவர் என்னை எண்ணெய் வீட்டு மகள் என்றே நினைத்திருந்தார். "பாப்பா, திரும்பாதீங்க. மூஞ்சி வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசிப் படத்துக்குக் கொஞ்சம் திரும்பினேன். முகம் விழவில்லை. வலது காது மட்டும் விழுந்தது. தோடு இல்லாததால் காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தேன். அந்தப் படம்தான் நன்றாக வந்ததாம். சிவகாசியில் வர்ணம் போட்டவர் வேப்பங்குச்சியின் மேல் ஒரு தங்க ஜிமிக்கி வரைந்துவிட்டார்.

தை பிறந்தபோது காலண்டர் ஊரெல்லாம் தொங்கியது. மளிகைக் கடை, சைக்கிள் கடை, டீக்கடை, எங்கள் பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறை. எண்ணெய் வீட்டுப் பெண் முடியைப் பார், முடியைப் பார் என்று ஊர் மாய்ந்தது. அவள் உடம்பு தேற மதுரையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே புகழ் வாங்கினாள். நானோ டீக்கடை வாசலில் என் முதுகையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "தள்ளு பிள்ள, காலண்டர மறைக்காத" என்றார் கடைக்காரர்.

ஒரு நாள் அப்பா வெளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கொடியில் காய்ந்த என் தாவணியை எடுத்து விரித்துப் பார்த்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"நாலு விரலு, ஒரு விரலு. எங் கை எனக்குத் தெரியாதா?" என்றார். தாவணியைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, "பிள்ளைய மூஞ்சியக் காட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். உளறுவார் என்று அம்மா பயந்த அந்த மனிதர், சாகிறவரை யாரிடமும் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் ஆபீஸில் எழுத்து வேலை. பெண் பார்க்க வந்த என் மாமியார், பூ வைக்கும் சாக்கில் என் ஜடையைப் பிடித்துப் பார்த்தார். "எண்ணெய்க்காரவுக தெருவுலயே இருந்துக்கிட்டு இம்புட்டுத்தானா?" என்றார். மற்றபடி பெண் பிடித்துவிட்டது.

புருஷன் வீட்டுக்குள் வலது காலை வைத்து நுழைகிறேன். எதிர்ச் சுவரில் நான் தொங்குகிறேன். மாமியார் அந்தக் காலண்டரின் மாதத் தாள்களைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

"தெரியும்ல? ஒங்க எதிர்வீட்டுப் பிள்ளதான். மகாலச்சுமி மாதிரி இல்ல?" என்றார்.

சூடத்தில் கையடித்தது நினைவுக்கு வந்தது. தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

என் மாமியார் கொடுமைக்காரி இல்லை. வாரம் ஒரு நாள் அந்த எண்ணெயை வாங்கி வந்து, என்னை அந்தப் படத்துக்கு நேரே உட்காரவைத்து, தன் கையால் என் தலையில் சூடு பறக்கத் தேய்ப்பார். "அதப் பாத்துக்கிட்டே இரு. நெனப்பு அங்கன இருந்தா முடி தானா வளரும்" என்பார். நான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழத்தெருவில் யாராவது பெண் எடுத்தால், அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் மார்க் போடுவார். எனக்கு எப்போதும் பெயில் மார்க்குதான். என் புருஷன்கூட ஒரு முறை அதைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தான் போட்டார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. என்னைப் பார்த்ததற்காக என் புருஷனோடு சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும்.

சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்க எண்ணெய் வீட்டுப் பெண்ணால்தான் முடியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலைந்து வருடம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அவள் வந்தாள். மதுரையில் வாழ்க்கைப்பட்டிருந்தவள், திருச்சுழிக் கோயிலுக்குக் காரில் வந்தவள், என்னைப் பார்க்காமல் போகக் கூடாது என்று வீட்டைத் தேடி விசாரித்து வந்துவிட்டாள். முடி திரும்ப வளர்ந்து இடுப்புக்கு வந்திருந்தது. அந்த ஆறுதலைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை அந்தச் சாமி.

மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாயை உதறிப் போட்டார், காப்பிக்குச் சொன்னார், விசிறியை எடுத்துத் தானே வீசினார்.

"இத்தன நாளாக் கண்ணாடிக்குள்ள இருந்த பிள்ள, இன்னிக்கு நடந்து வந்துருச்சே!"

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ இன்னும் சொல்லலையா பிள்ள?" என்றாள்.

"சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணேன்ல" என்றேன்.

"அட லூசு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் சொன்னாள். "அம்மா, அது நான் இல்ல. ஒங்க மருமகதான். எனக்குக் காச்சல் வந்து மொட்டை போட்டுட்டாக. முடி மட்டும்தான் என்னோடது. அதச் சவுரியாக் கட்டி இவ தலையில வச்சாக. அங்கன நிக்கிறது இவதான்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமியார் விசிறியை நிறுத்தினார். என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பாத்தியா, பெரிய எடத்துப் பிள்ளைக்கு இருக்குற கொணத்த! கூடப் படிச்சவ மனசு நோகக் கூடாதுன்னு, தன்னயே மொட்டைன்னு சொல்லுதே!"

"இல்லம்மா, நெசமாத்தான்" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் மாமியாரிடம் அவள் மதிப்பு ஒரு படி ஏறியது. கடைசியில் சிரித்துக்கொண்டே கைவிட்டுவிட்டாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. ஆறு பாட்டில் எண்ணெய் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனாள். முடிக்குப் புகழ் வாங்கினாள், அது போகட்டும். உண்மையைச் சொன்னதற்கும் அவளே வாங்கிக்கொண்டு போனாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த அந்தத் தாவணியை எடுத்துப் புடவைக்கு மேலேயே முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே போய் முதுகைக் காட்டி நின்றேன்.

"அத்தை, கரையப் பாருங்க. அதுலயும் பாருங்க. நாலு விரலு, ஒரு விரலு. எங்கப்பா நெய்தது. ஒலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு."

மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். முதலில் படத்துக் கண்ணாடியின் மேல் விரல் வைத்து அளந்தார். பிறகு என் முதுகில் நாலு விரலை வைத்து அளந்தார். மறுபக்கம் ஒரு விரலை வைத்தார். மறுபடி படத்துக்குப் போனார். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"அட, ஆமா. அதே தாவணிதான்!" என்றார்.

"சொன்னேன்ல அத்தை" என்றேன்.

"கட்டிக் கழிச்சத ஒனக்குக் குடுத்துட்டாகளா? என்ன பெரிய மனசு அவுகளுக்கு!"

நான் அவர் பக்கம் திரும்ப முயன்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பாதத்தா. இன்னொரு தடவ பாத்துக்கிறேன்."

நான் திரும்பவில்லை.